இடவழியும் இராஜவீதியும்: திருவனந்தபுர நகரினுள் எஞ்சிய நாட்டுப்புற வழிகள்

முன்னுரை

திருவனந்தபுரத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் கோயில், கோட்டை, அரண்மனை, அரசு அலுவலகம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. நகரின் வழிகளைப் பற்றிக் கூறுமிடத்தும் கிழக்கே கோட்டையிலிருந்து பாளையம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையும் கவடியாறு அரண்மனைக்குச் செல்லும் சாலையுமே பேசப்படுகின்றன. ஆயின் இச்சாலைகளிலிருந்து சற்றே விலகிய அளவில், எதிரெதிரே வரும் இருவருள் ஒருவர் ஒதுங்கி நின்றாலன்றி மற்றவர் செல்லவியலாத குறுகிய வழிகள் நகரெங்கும் விரவிக் கிடக்கின்றன. இருமருங்கும் மண்கரை, கரைமேல் வேலி, மேலே பலா, மா, தென்னை ஆகியவற்றின் நிழல், அடியில் செம்மண் அல்லது பிற்காலத்தில் இட்ட சிமெண்டுத் தளம் என்பது இவற்றின் பொதுவான தோற்றமாகும். இவற்றை ஊரார் இடவழி என்பர்.

இவ்வழிகளை நகரமயமாக்கத்துக்குத் தப்பிய நாட்டுப்புற எச்சங்களாகக் கருதுவதே பொதுவழக்கு. பெருநகரத்துள் தற்செயலாக எஞ்சிய சிற்றூர்ச் சுவடுகள் என்னும் இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. திருவனந்தபுரத்தில் இடவழி எஞ்சிய பொருள் அன்று. நகரம் இடவழியின் மேல்தான் வளர்ந்தது என்பதையும், அவ்வழிகளில் பதிந்துள்ள சமூக வரலாறு ஏட்டில் ஏறாமலேயே அழிந்துவருகிறது என்பதையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியைக் குறிக்கும் சொற்கள்

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். ஆறு, நெறி, அதர், கவலை, தடம், மறுகு, தெரு முதலியன பண்டை இலக்கியங்களில் பயின்றுவருவன. இவற்றுள் அதர் என்பது காட்டிலும் மலையிலும் மக்களும் விலங்கும் நடந்து உண்டான வழியையும், கவலை என்பது பிரிந்து செல்லும் வழியையும் குறித்தன. மறுகும் தெருவும் குடியிருப்புக்குள் அமைந்த வழிகளாகும். நடந்து உண்டான வழிக்கும் வகுத்து அமைத்த வழிக்கும் தமிழர் தனித்தனிச் சொற்களை வழங்கினர் என்பது இதனால் புலனாகின்றது.

பிற்கால வட்டார வழக்குகளிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. நெல்லை, குமரி மாவட்டங்களில் குறுகிய சந்து முடுக்கு எனப்படும். யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்கு இடைப்பட்ட சிறுவழி ஒழுங்கை எனப்படும். திருவனந்தபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இடவழி, ஊடுவழி, தொண்டு என்னும் சொற்கள் வழங்குகின்றன. வயலினூடே நடப்பதற்கென்று சற்று அகலமாக இடப்பட்ட வரப்பு நடவரம்பு எனப்படும். இரு புரையிடங்களுக்கு இடையே மண்ணை வெட்டி உயர்த்திய கரை கையாலை ஆகும். மேட்டு நிலங்களுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் நெல்வயல் தொகுதி ஏலா எனப்படும். இச்சொற்களுள் பல இன்று மலையாளச் சொற்களாகவே எண்ணப்படினும், புரையிடம், கையாலை, விளை, மூடு, முக்கு என்பன குமரி மாவட்டத் தமிழிலும் உயிருடன் வழங்குபவை. 1956 நவம்பர் 1 வரை தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்ததனால் இச்சொற்களை மொழி எல்லை பிரிக்கவில்லை. எனவே திருவனந்தபுரத்து இடவழியின் வரலாறு தமிழாய்வுக்குப் புறம்பானதன்று.

புரையிடமும் தெருவும்

இடவழி நகரத்துள் நிலைத்தமைக்குரிய முதற்காரணம் குடியமைப்பில் உள்ளது. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஊர் என்பது செறிந்த குடியிருப்பாகும். வீடுகள் நத்தத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க, விளைநிலம் ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும். சென்னை போன்ற நகரம் விரிவடைந்தபோது விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாக வகுக்கப்பட்டு நேர்கோட்டுத் தெருக்களைப் பெற்றன. பழைய ஊரின் நடுப்பகுதி மட்டும் கோயிலோடும் குளத்தோடும் தெருக்களோடும் எஞ்சியது. திருவான்மியூர், வேளச்சேரி முதலிய இடங்களில் இதனைக் காணலாம். தில்லியில் வருவாய்த் துறையினர் சிவப்புக் கோடிட்டுக் காட்டிய ஊர்நத்தங்கள் நகரின் நடுவே நிலைக்க, அவற்றைச் சூழ்ந்த வயல்களும் வயல்வழிகளும் மறைந்தன. அங்கெல்லாம் எஞ்சியவை ஊர்த்தெருக்களே. ஊர்ப்புறத்து வழிகள் அல்ல.

திருவனந்தபுரத்தின் நிலை இதற்கு மாறானது. இங்கு ஒவ்வொரு வீடும் தனக்குரிய புரையிடத்தின் நடுவே தனித்து நின்றது. தென்னையும் பலாவும் வாழையும் கிழங்கும் கிணறும் அப்புரையிடத்துக்குள்ளேயே அமைந்தன. செறிந்த ஊர் என்ற ஒன்று இல்லாததால் ஊருக்கு உள், ஊருக்கு வெளி என்ற பிரிவும் இல்லை. மேட்டில் புரையிடங்கள், பள்ளத்தில் ஏலா, இரண்டையும் இணைக்கும் இடவழி என்பதே நில அமைப்பாகும். நகரம் இத்தகைய நிலத்தின் மேல் பரவியபோது பழைய வழிகளை விலக்கிவிட்டுப் புதிதாக வகுக்கத்தக்க வெற்றுவெளி கிடைக்கவில்லை. ஆதலின் வழிகள் இருந்தவாறே இருக்க, வீடுகள் மட்டும் பெருகின.

இதற்கு நடுவே தமிழ்நாட்டு முறையிலான தெருக்களும் இந்நகரில் இடம்பெற்றன. கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் (1758–1798) காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரசின் தலைமையிடம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் இராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை நிறுவினார். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் தமிழ் அந்தணர்களின் அக்கிரகாரங்கள் அமைந்தன. பொதுச்சுவரோடு கூடிய வீடுகள் இருமருங்கும் வரிசையாக நிற்கும் இத்தெருக்கள், புரையிடங்களின் பரப்புக்குள் வந்து அமைந்த வேறொரு நில ஒழுங்காகும். நகருக்குத் தெற்கே பாலராமபுரத்தில், பாலராமவர்மர் (1798–1810) காலத்தில் தமிழ்ப்பகுதியிலிருந்து குடியேற்றப்பட்ட நெசவாளர்களாகிய சாலியர்களும் தெரு அமைத்தே வாழ்ந்தனர். இன்றும் இப்பகுதிகளில் தெரு என்பது தமிழ்க்குடியிருப்பையும், இடவழி என்பது புரையிடக் குடியிருப்பையும் குறிப்பாக உணர்த்துவதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்து அமைப்பு திருவனந்தபுரத்தோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் வீடு தனக்குரிய வளவுக்குள் நிற்க, கிடுகு வேலிகளுக்கு இடையே ஒழுங்கை செல்கிறது. காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு வழி, வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பெறும் வழக்கம் அங்கு உண்டு. வளவும் ஒழுங்கையும் போலவே புரையிடமும் இடவழியும் ஒன்றையொன்று சார்ந்தவை.

இடவழியின் அமைப்பும் பணியும்

திருவனந்தபுரத்தின் நிலம் செம்பாறைக் குன்றுகளாலும் அவற்றிடையே உள்ள பள்ளங்களாலும் ஆனது. குன்றுக்குழி என்னும் இடப்பெயரே இவ்வமைப்பைச் சுட்டுவதாகும். குன்றின் சரிவில் இறங்கும் வழியில் மக்களின் காலடியும் மழைநீரும் மாறிமாறி மண்ணை அரித்தன. புரையிடங்களின் உரிமையாளர்கள் தம் எல்லையில் கையாலையை ஆண்டுதோறும் வெட்டி உயர்த்தினர். வழி தாழ, கரை உயர்ந்தது. பழைய இடவழிகள் பல, இருபுறத்து நிலத்தினும் தாழ்ந்து கிடப்பதன் காரணம் இதுவே.

இதனால் இடவழிக்கு இருவகைப் பணிகள் உண்டாயின. வேனிலில் அது நடக்கும் வழி. மழைக்காலத்தில் அதுவே நீர் இறங்கும் வழி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இந்நகரில், சரிவுகளில் விழும் நீர் கையாலையின் மண்ணில் ஒரு பகுதி ஊற, எஞ்சியது இடவழி வழியாக ஏலாவை அடைந்தது. ஏலா அதனைத் தேக்கிவைத்துத் தோட்டுக்கு மெல்ல விட்டது. ஆமையிழஞ்சான் தோடு, பட்டம் தோடு, உள்ளூர்த் தோடு ஆகியன ஆக்குளம் காயலையும், கிள்ளியாறு கரமனையாற்றையும் சென்றடைந்தன. இடவழி, ஏலா, தோடு, காயல் என்பது ஒரே நீரோட்டத்தின் தொடர்ச்சியாகும்.

இத்தொடர்ச்சியின் இடைக்கண்ணியாகிய ஏலாவே முதலில் மறைந்தது. புத்தரிக்கண்டம் என்னும் மைதானம், பத்மநாபசுவாமி கோயிலின் நிறைபுத்தரிச் சடங்குக்குரிய நெற்கதிர் விளைந்த வயல் என்பதை அதன் பெயரே காட்டுகிறது. அதனை அடுத்துத் தாழ்ந்து கிடந்த தம்பானூரில் 1931இல் இரயில் நிலையம் அமைந்தது. நகரின் தென்பகுதியில் புஞ்சக்கரி, வெள்ளாயணிப் பகுதிகளில் மட்டும் வயலும் நடவரம்பும் ஓரளவு தொடர்ந்து காணப்படுகின்றன. பிற இடங்களில் ஏலாவை நோக்கி இறங்கும் இடவழிகள் உள்ளன. அவை சென்றடைய வேண்டிய ஏலா இல்லை.

பாகப்பிரிவினையும் வழியுரிமையும்

இடவழிகள் நிலைத்தமைக்குரிய இரண்டாவது காரணம் நிலவுரிமை வரலாற்றில் உள்ளது. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலங்களைப் பயிரிட்ட குடிகளுக்கு உரிமை அளித்தது. அதன்பின் நிலம் விற்கவும் வாங்கவும் தக்க பொருளாயிற்று. 1925ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வழிவகுத்தது. நாஞ்சில் நாட்டு வேளாளருக்குரிய சட்டம் அடுத்த ஆண்டில் வந்தது. மருமக்கள் வழியின் தளர்ச்சியைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நகைச்சுவைப் படைப்பாக்கியமை தமிழுலகம் அறிந்ததே. அந்தத் தளர்ச்சி நிலத்தில் எவ்வாறு வடிவம் பெற்றது என்பதை இடவழிகள் காட்டுகின்றன.

ஒரு தறவாட்டின் புரையிடம் நான்கு பங்காகும்போது நான்கு பங்குக்கும் வழி வேண்டும். முதல் பங்கு பெருவழியை ஒட்டியிருக்க, கடைசிப் பங்கு ஏலாவின் கரையில் இருக்கும். ஆகவே பத்திரத்தில் ஒவ்வொரு பங்கின் எல்லையோடு நடக்கும் வழியும் குறிக்கப்பட்டது. அடுத்த தலைமுறையில் அப்பங்குகளும் பிரிந்தன, வழியும் கிளைத்தது. நகரமைப்பு அலுவலர் எவரும் வரையாத இவ்வழிப்பின்னல், பத்திரம் எழுதுவோரின் கையால் சிறுகச் சிறுக உருவானதாகும். இடவழி ஒன்றின் வளைவுகளைப் பின்தொடர்ந்தால் ஒரு குடும்பத்தின் பிரிவினை வரலாற்றை அறியவியலும் என்பது மிகையன்று.

நிலச்சீர்திருத்தமும் இப்பின்னலைப் பெருக்கியது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பெற்று 1970 ஜனவரி 1 முதல் செயற்பட்டது. பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற இடத்தை வாங்கும் உரிமையை அதனால் பெற்றனர். ஊராட்சியில் 10 செண்டு, நகராட்சியில் 5 செண்டு, மாநகரத்தில் 3 செண்டு என அளவு வகுக்கப்பட்டது. பெரும் புரையிடங்களின் மூலையில் 3 செண்டு மனைகள் தோன்ற, அவற்றுக்குச் செல்லும் ஒற்றையடி வழியே அம்மனையின் உயிர்நாடியாயிற்று.

வழியின் பெரும்பகுதி தனியார் நிலத்துள் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. தடையின்றி நெடுங்காலம் நடந்த வழியில் நடப்பவர்க்கு உரிமை தோன்றும் என்பது பொதுநீதி. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அதற்கு 20 ஆண்டு எல்லையை வகுத்தது. இங்கு உரிமைக்குச் சான்று ஏடன்று, நடையே ஆகும்.

இந்நிலை பழங்காலச் சான்றுகளோடு ஒப்புநோக்கத்தக்கது. பேரரசுகள் அமைத்த பெருவழிகளுக்குக் கல்வெட்டு உண்டு. கோவைப் பகுதியின் இராசகேசரிப் பெருவழியும் தருமபுரிப் பகுதியின் அதியமான் பெருவழியும் கல்லில் பெயர்பெற்றவை. சிறுவழிகளுக்கு அத்தகைய கல் இல்லை. நிலக்கொடை ஆவணங்களில் எல்லை கூறுமிடத்தே, ஒரு நிலத்தின் மேற்கு அல்லது கிழக்கு எல்லையாக மட்டுமே அவை தலைகாட்டும். இன்றைய பத்திரங்களிலும் இடவழியின் இடம் அதுவே. ஆயிரம் ஆண்டுகளாகச் சிறுவழி தன் பெயரால் அன்றி, பிறர் நிலத்தின் விளிம்பாகவே எழுதப்பட்டு வந்துள்ளது.

நடக்கும் உரிமை

இடவழியை அமைதியும் நிழலும் நிறைந்த பழமையின் சின்னமாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. திருவிதாங்கூரில் சாதிக்குச் சாதி விலகி நிற்க வேண்டிய தொலைவு வரையறுக்கப்பட்டிருந்ததை, திருவனந்தபுரத்தில் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871, 1883ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களால் அறியமுடிகிறது. உயர்சாதியினர் வரும்போது வழியிலிருந்து இறங்கி வயலிலோ புதரிலோ ஒதுங்க வேண்டியவர்களாகப் புலையரும் பறையரும் பிறரும் வைக்கப்பட்டனர். குறுகிய இடவழியில் ஒதுங்குதற்கு இடமில்லை. இருபுறமும் கரை உயர்ந்த வழியில் எதிரே ஒருவர் வருவாராயின், வந்த வழியே திரும்பி ஓடுவதன்றி ஒடுக்கப்பட்டோர்க்கு வேறு வழியில்லை.

பொதுச்சாலைகள் எல்லாச் சாதியினர்க்கும் உரியவை எனத் திருவிதாங்கூர் அரசு 1865இலும் 1884இலும் அறிவித்தது. ஆயின் பின்னர் எழுந்த வழக்கில் நீதிமன்றம் வழிகளை இராஜவீதி, கிராமவீதி என இரண்டாகப் பகுத்தது. அரசன் பெயரால் அமைந்த இராஜவீதி எல்லார்க்கும் திறந்தது. கிராமவீதிக்கு அவ்விதி பொருந்தாது என்னும் விளக்கம் நிலவியது. பெரிய சாலையில் கிடைத்த உரிமை சிறிய வழியில் மறுக்கப்பட்டது. சமத்துவம் அகன்ற சாலையிலிருந்து குறுகிய வழிக்குள் நுழைய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

நகரின் தென்புறத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றார். வண்டியில் ஏறுவதும் பொதுவழியில் செல்வதும் அவர்தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1898இல் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில், நடக்கும் உரிமைக்காகச் சென்றோர்க்கும் எதிர்த்தோர்க்கும் மோதல் நிகழ்ந்தது. 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் வரை நடைபெற்ற வைக்கம் போராட்டத்தின் பொருளும் கோயிலைச் சூழ்ந்த வழிகளே ஆகும். தந்தை பெரியார் அப்போராட்டத்தில் பங்குகொண்டு சிறை சென்றதைத் தமிழர் நன்கறிவர். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவு விளம்பரம் வெளியாயிற்று.

ஆகவே இன்று எவரும் கவலையின்றி நடக்கும் இடவழி, நடக்கும் உரிமை மறுக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட இடமுமாகும். இவ்வுண்மை நினைவில் கொள்ளப்படாவிடின், இடவழியைக் காப்பதும் வெறும் பழமை விருப்பமாகவே முடியும்.

பெயர்களில் எஞ்சிய வழிகள்

வழிகளின் வரலாற்றை அறிய உதவும் மற்றொரு சான்று இடப்பெயர் ஆகும். திருவனந்தபுரத்தில் புளிமூடு, பிலாமூடு, பொங்குமூடு என வரும் பெயர்களில் மூடு என்பது மரத்தின் அடியைக் குறிக்கும். குமரி மாவட்டத்திலும் மரத்தடி மூடு எனப்படும். ஆலமூடு போன்ற பெயர்கள் அங்கும் உள. புளியமரத்தடியும் பலாமரத்தடியும் ஊர்ப்பெயரானமைக்குக் காரணம் அவை வழிகள் கூடும் இடங்களாக இருந்தமையே எனலாம். நடந்து வருவோர் இளைப்பாறவும், சுமை இறக்கவும், வழி கேட்கவும் மரத்தடியே இடமாயிற்று.

கைதமுக்கு என்பதில் முக்கு என்பது மூலையை, அதாவது வழி திரும்பும் இடத்தைக் குறிக்கிறது. கைதை என்பது தாழை. நீர்க்கரையில் வளரும் தாழை நின்ற வழிமூலை இன்று நெரிசல் மிக்க நகர்ப்பகுதியாகியுள்ளது. முறிஞ்ஞபாலம் என்பது முறிந்த பாலத்தைக் குறிப்பது. தோட்டைக் கடந்த வழி ஒன்றின் நினைவு அதில் உள்ளது. பால்குளங்கரை, அட்டக்குளங்கரை என்பன குளக்கரை வழிகளையும், தைக்காடு, வழுதக்காடு, மணக்காடு என்பன பழைய நிலத்தோற்றத்தையும் சுட்டுகின்றன. செங்கல்சூளை என்னும் பெயர், 1869இல் திறக்கப்பெற்ற தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் என ஊரார் கூறுவதோடு தொடர்புடையது.

மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை பேரூர்க்கடையில் தமக்குக் கிடைத்த நிலத்துக்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். இன்று நகரின் உட்பகுதியாகிவிட்ட பேரூர்க்கடை, அவர் காலத்தில் நகருக்குப் புறத்தே இருந்த குன்றுப்பகுதி. 1894இல் அவர் வெளியிட்ட திருவிதாங்கூர் முற்கால அரசர் பற்றிய ஆராய்ச்சி, ஊர்க்கோயில்களின் கல்வெட்டுகளைத் தேடிச் சென்றதன் பயனாகும். 19ஆம் நூற்றாண்டில் அத்தகைய தேடல் பெரிதும் சிறுவழிகளினூடே நடந்தே நிகழ்ந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

தற்காலத் தமிழ்ப் புனைகதையிலும் இந்நகரின் உள்வழிகள் இடம்பெற்றுள்ளன. நீல பத்மநாபனின் பள்ளிகொண்டபுரம் நாவலும், ஆ. மாதவனின் சாலைக் கடைத்தெருக் கதைகளும் திருவனந்தபுரத்தை அரசர்களின் நகராக அன்றி, நடந்து வாழும் எளியோரின் நகராகக் காட்டுபவை. நகரின் சிறுவழிகளைப் பற்றிய ஆவணங்கள் அரிதாயிருக்கும் நிலையில், இப்படைப்புகள் இலக்கியமாவதோடு இடவரலாற்றுச் சான்றாகவும் பயன்படத்தக்கவை.

இடவழியின் இன்றைய நிலை

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவனந்தபுரத்தின் மக்கள்தொகை 58,000 அளவினதாக இருந்தது. 1940இல் மாநகராட்சி அமைந்தது. 2010இல் ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, விழிஞம் ஆகிய ஊராட்சிகள் இணைந்தபின் மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 215 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. இவ்விணைப்பால் இடவழிகள் பெரும் எண்ணிக்கையில் நகர எல்லைக்குள் வந்தன. அதே வேளையில் அவை அழியும் விரைவும் மிகுந்தது.

அழிவு நான்கு வகைகளில் நிகழ்கிறது. முதலாவது அகலப்படுத்தல். கட்டடத்தின் பரப்புக்கேற்ப வழியின் அகலம் வேண்டும் என்பது 1999, 2019ஆம் ஆண்டுகளின் கட்டட விதிகளில் உள்ளது. கார் வாங்கிய குடும்பங்களும் தத்தம் நிலத்தில் ஒரு துண்டு விட்டுக்கொடுத்து வழியை அகலப்படுத்துகின்றன. நோயாளியை ஏற்ற ஆம்புலன்சும், தீயணைப்பு வண்டியும் வீட்டுவாயில் வரை வரவேண்டும் என்பது நியாயமான தேவை. இதனைப் பழமைப் பற்றால் மறுத்தல் தகாது. ஆனால் கையாலை இடிந்து கருங்கல் மதில் எழும்போது மண்ணில் ஊறிய நீர் ஊறுதற்கு இடமின்றிப் போகிறது.

இரண்டாவது அடைத்தல். பல புரையிடங்களை ஒன்றாக வாங்கி அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும்போது, அவற்றினூடே சென்ற வழி வாயிற்கதவுக்குள் அகப்பட்டுவிடுகிறது. மூன்றாவது நிரப்பல். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னரே நகரத்து ஏலாக்களில் பெரும்பகுதி மண்ணால் மூடப்பட்டுவிட்டது. நான்காவது பெயர் மாற்றம். குடியிருப்போர் சங்கங்கள் தம் எளிமைக்காக வழிகளுக்கு எழுத்தும் எண்ணும் இட்டுள்ளன. மரத்தாலும் குளத்தாலும் காவாலும் பெயர்பெற்ற வழி, ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகச் சுருங்கிவிட்டது. வழி அழியாமலே அதன் வரலாறு அழிவது இவ்வாறாம்.

பெருஞ்சாலைகள் இதற்கிடையே மிகுந்த கவனம் பெற்றன. 2004இல் ஒப்பந்தமான நகரச் சாலை மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. நீர்வழிகளுக்கோ நெருக்கடி நேர்ந்தபோது மட்டுமே கவனம் கிடைத்தது. தம்பானூர் வெள்ளத்தைத் தணிக்க 2015இல் அனந்தா நடவடிக்கை என்னும் பெயரில் கால்வாய் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. 2024 ஜூலை 13 அன்று இரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். இரு நாள் தேடலுக்குப் பின்னரே அவர் உடல் கிடைத்தது. மேட்டிலிருந்து காயல் வரை நீர் இறங்கிய தொடர்ச்சியைத் துண்டுதுண்டாக மறந்த நகரம், அதன் விளைவை எளிய உழைப்பாளியின் மேல் சுமத்துகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

பதிவு செய்வதன் தேவை

எல்லா இடவழிகளையும் இருந்தவாறே காத்தல் இயலாது. அது வேண்டுவதும் அன்று. ஆயின் அவற்றைப் பதிவு செய்தல் இயலும். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் மக்கள் நடக்கும் வழிகளை நிலப்படத்தில் வரைந்து சான்றாவணமாக்கின. படத்தில் ஏறிய வழியைத் தனியொருவர் தம் விருப்பப்படி அடைக்கவியலாது. வயலும் வேலியும் மறைந்து புறநகர் வீடுகள் எழுந்த இடங்களிலும் பழைய நடைவழிகள் பல தொடர்வதற்கு இப்பதிவு துணையாயிற்று.

கேரளத்தில் 2022 நவம்பர் முதல் மின்னணு மறுநில அளவை நடைபெற்று வருகிறது. திருவிதாங்கூரில் 1883இல் தொடங்கி 1911இல் முடிந்த நிலவரித் திட்டத்துக்குப் பின், வழிகளைப் பற்றிய அறிவை நிலப்படத்தோடு இணைக்கக் கிடைத்துள்ள அரிய வாய்ப்பு இது. அளவைக் கருவி எல்லையைத் துல்லியமாகக் காட்டும். அவ்வெல்லையில் நடந்தவர் யார், அவ்வழிக்குப் பெயர் யாது என்பதை அது காட்டாது. அதனை முதியோரிடம் கேட்டே அறியவேண்டும். இப்பணி மொழித்துறைகளுக்கு உரியது. வழிப்பெயர், அதன் ஒலிப்பு, பொருள், அவ்வழியின் தொடக்கமும் முடிவும், அதில் நடக்க முன்னர் மறுக்கப்பட்டோர், அது சென்றடைந்த ஏலா அல்லது குளம் ஆகியன வார்டுதோறும் தொகுக்கப்பெற வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இப்பெயர்களை ஒரு மொழித்துறை மட்டும் தனித்து ஆராய்தல் முழுமையாகாது.

நிறைவுரை

திருவனந்தபுரத்து இடவழிகள் நகரம் விழுங்க மறந்த சிற்றூர்த் துண்டுகள் அல்ல. புரையிடக் குடியமைப்பாலும் பாகப்பிரிவினையாலும் நிலச்சீர்திருத்தத்தாலும் நகரத்தின் உடலாகவே அமைந்தவை அவை. நீர் இறங்கும் நெறியாகவும், நடக்கும் உரிமைக்குச் சான்றாகவும், இரு மொழிகளின் பொதுச்சொற்களைத் தாங்கும் களமாகவும் அவை விளங்குகின்றன. இராஜவீதியின் வரலாறு கல்லிலும் ஏட்டிலும் உள்ளது. இடவழியின் வரலாறோ நடந்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. அதனைச் சொல்லவல்ல தலைமுறை வாழும் காலத்திலேயே அது எழுத்தில் ஏற வேண்டும்.